வெண்வால் மானும் வடபுலக் காடும்: ஓர் எண்ணிக்கையின் சமூக வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தின் பிற்பகுதியில் ஒன்பது நாட்கள் துப்பாக்கி மான்வேட்டை நடைபெறுகின்றது. ஆலைத் தொழிலாளரும் சிறு விவசாயிகளும் பாரவண்டிச் சாரதிகளும் விடுமுறை பெற்று, மாநிலத்தின் வடபகுதியிலுள்ள தந்தையர் காலத்து மரக்குடில்களுக்குச் செல்கின்றனர். அவர்களிற் பலருக்கு இது பொழுதுபோக்கு மட்டுமன்று. குளிர்காலத்துக்கான இறைச்சியும் குடும்ப உறவின் புதுப்பித்தலும் அதிலே அடங்கியுள்ளன. அண்மைக்காலத்தில் அக்குடில்களில் ஒலிக்கும் முறைப்பாடு, மான் அருகிவிட்டது, அதற்கு ஓநாயே காரணம் என்பதாகும். இம்முறைப்பாட்டின் பின்னுள்ள இழப்பு உண்மையானது. ஆனால் அதற்குக் கூறப்படும் காரணம் உண்மைதானா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படும் வினாவாகும்.

இலக்கிய ஆய்வாளர் மானின் தொகையைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும், விலங்கையும் தொழிலையும் கருப்பொருளாகவும் ஒருங்கே வைத்து நோக்கிய திணைமரபில் வந்த நமக்கு, விலங்கின் வாழ்வை மனிதரின் தொழிலிலிருந்து பிரித்துப் பார்ப்பதே வியப்பாக இருத்தல் வேண்டும்.

1. காடழிப்பும் மானும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வட விஸ்கொன்சின் பெரும்பாலும் முதுகாடாகவே இருந்தது. உயர்ந்த வெண்பைன், ஹெம்லொக் மரங்களின் நிழலில் இளந்தளிர் குறைவாதலால், அங்கு வெண்வால் மான்கள் பெருந்தொகையாக வாழவில்லை. அவை தெற்கிலேயே மிகுதியாகக் காணப்பட்டன. சிக்காகோ முதலான நகரங்களின் கட்டட மரத்தேவை இந்நிலைமையை மாற்றியது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுள் வடபுலக் காடு வெட்டித் தீர்க்கப்பட்டது. எஞ்சிய கிளைகளும் சருகுகளும் பெருந்தீக்கு இரையாயின. 1871 ஒக்டோபர் 8 அன்று பெஷ்டிகோ நகரை அழித்த தீ ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. இக்காட்டில் வளம் பெற்ற வேயர்ஹவுசர் நிறுவனத்தார் 1900 இல் பசிபிக் கரையோரத்தில் 9 இலட்சம் ஏக்கர் காட்டை வாங்கி அத்திசைக்கு நகர்ந்தனர். மூலதனம் சென்றது; அடிமரக் கட்டைகள் எஞ்சின.

வெட்டிய நிலத்தில் முளைத்த அஸ்பென் முதலான இளமரங்கள் மானுக்கு ஏற்ற உணவாயின. எனினும் மான் உடனே பெருகவில்லை. மரவெட்டு முகாம்களுக்கு இறைச்சி வழங்கியோரும், புகையிரதம் மூலம் நகரச் சந்தைக்கு அனுப்பியோரும் அவற்றைக் கொன்று குவித்தனர். 1900 ஆம் ஆண்டளவில் நாடு முழுவதிலும் எஞ்சியவை 5 இலட்சத்தை மீறவில்லை என்பது பொதுவான மதிப்பீடு. அவ்வாண்டில் நிறைவேறிய லேசிச் சட்டம் களவாகக் கொன்ற விலங்குகளை மாநில எல்லை கடத்தி விற்பதைத் தடைசெய்தது. சந்தை வேட்டை ஒடுங்கிய பின்னரே இளங்காடு மான்களால் நிறைந்தது. ஒரே மரத்தொழில் மானுக்கு உணவையும் மரணத்தையும் ஒருங்கே வழங்கிய இம்முரணே பிற்கால வரலாற்றுக்கு அடிப்படையாயிற்று.

2. 1943 ஆம் ஆண்டின் பாடம்

1930களின் இறுதியில் மான்கள் காட்டின் தாங்குதிறனை மீறின. குளிர்காலத்தில் அவை ஒதுங்கும் சீடர் மரச் சதுப்புகளில் எட்டிய உயரம்வரை தழை அற்றுப்போக, குட்டிகள் பட்டினியால் இறந்தன. பெட்டை மான்களையும் சுடுதல் வேண்டும் என வாதிட்டவருள் முதன்மையானவர் பேராசிரியர் அல்டோ லியோபோல்ட். 1943 இல் அவர் மாநிலப் பாதுகாப்பு ஆணைக்குழுவின் உறுப்பினரானார். அவ்வாண்டு வேட்டையில் 1,20,000 க்கு மேற்பட்ட மான்கள் வீழ்ந்தன. மக்கள் கொதித்தெழுந்தனர், அதனை ஒரு குற்றமென்றே அழைத்தனர்.

லியோபோல்டின் மறைவுக்குப் பின் 1949 இல் வெளியான நூலில் இடம்பெறும் ‘மலையைப்போல் சிந்தித்தல்’ என்னும் கட்டுரை இன்று உலகப் புகழ் பெற்றுள்ளது. ஓநாயை அழித்த மலை, மானால் அழியும் என்பது அதன் சாரம். சிறந்த இலக்கியம் அது, ஐயமில்லை. ஆயினும் அதில் நிகழ்வது ஒரு தனிமனிதனின் மனமாற்றம். காட்டை வெட்டியது யார், எச்சந்தைக்காக என்னும் வினா அங்கு எழுவதில்லை. 1943 இன் கசப்பான அனுபவமோ, ஒருவர் மலையைப்போல் சிந்தித்தால் மட்டும் போதாது, ஒரு சமூகம் முழுவதும் மானோடு கொண்டுள்ள உறவு மாறவேண்டும் என்பதையே உணர்த்துகின்றது.

3. எண்ணுவோரும் எண்ணப்படுவோரும்

மானின் தொகை எவ்வாறு கணிக்கப்படுகின்றது? காட்டில் நின்று எவரும் மானை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. சுடப்பட்ட கலைமான்களின் தொகை, பற்களைக் கொண்டு அறியப்படும் வயது, பால்விகிதம் ஆகியவற்றிலிருந்து உயிருள்ளவற்றின் தொகை பின்னோக்கிக் கணிக்கப்படுகின்றது. எனவே மானின் எண்ணிக்கை என்பது ஓரளவுக்கு வேட்டைக்காரரின் எண்ணிக்கையுமாகும். 1990 இல் துப்பாக்கி வேட்டை அனுமதி பெற்றோர் ஏறத்தாழ 7 இலட்சம். அண்மை ஆண்டுகளில் அத்தொகை 5½ இலட்சமளவில் உள்ளது. முன்னர் மதுச்சாலையிலும் எரிபொருள் நிலையத்திலும் மானைக் கொண்டுவந்து பதிந்தனர். அங்கு ஒருவர் சுட்ட மானை ஊரார் அனைவரும் கண்டனர். 2015 முதல் பதிவு தொலைபேசிக்கும் இணையத்துக்கும் மாறியது. கண்ணாற் காணாத மான், இல்லாத மானாகவே தோன்றுவதும் இயல்பு.

மேலும், எண்ணும் நிறுவனமும் நடுநிலையில் நிற்பதன்று. 1937 இன் பிற்மன்–ரொபர்ற்சன் சட்டத்தின்படி துப்பாக்கி, தோட்டா மீதான வரி மாநில வனவிலங்குப் பணிக்குச் செல்கின்றது. அனுமதிக் கட்டணமும் அதனோடு சேர்கின்றது. மான் மிகுந்தால் அனுமதி விற்கும். அனுமதி விற்றால் நிறுவனம் வாழும். கொலையை ‘அறுவடை’ என்று குறிக்கும் அலுவலக வழக்கு வெறும் இடக்கரடக்கல் அன்று. மான் ஒரு விளைபொருளாக மாறியிருப்பதை அம்மொழியே வெளிப்படுத்துகின்றது.

4. ஓநாய் என்னும் பழிதாங்கி

1865 முதல் 1957 வரை ஓநாயின் தலைக்குப் பணம் வழங்கிய மாநிலத்தில், 1960 அளவில் ஓநாய் அற்றுப்போயிற்று. 1970களின் நடுப்பகுதியில் மினசோட்டாவிலிருந்து அது தானாகவே திரும்பியது. 1995 இல் நூற்றுக்கும் குறைவாக இருந்த ஓநாய்கள் 2000 இல் ஏறத்தாழ 250 ஆயின. அதே 2000 ஆம் ஆண்டிலேயே மாநிலத்தில் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட மான்கள் சுடப்பட்டு உச்சநிலை எட்டப்பட்டது. ஓநாயும் மானும் ஒருங்கே பெருகிய இக்காலம், எளிய விளக்கத்தைப் பொய்யாக்குகின்றது. பின்னர் ஏற்பட்ட சரிவில், தொகையைக் குறைக்கவெனத் திட்டமிட்டே வழங்கப்பட்ட பெட்டை மான் அனுமதிகளுக்குப் பெரும்பங்குண்டு.

வடபுலத்தில் குளிர்காலமே முதன்மையான ஆட்சியாளன். டிசம்பர் முதல் ஏப்பிரல் இறுதிவரை, 18 அங்குலம் அல்லது அதற்கு மேல் பனி கிடக்கும் நாளுக்கு ஒரு புள்ளியும், பரனைற்றுப் பூச்சியம் அல்லது அதற்குக் கீழே குளிர் இறங்கும் நாளுக்கு ஒரு புள்ளியுமாகக் கடுமை அளக்கப்படுகின்றது. 100 புள்ளியைத் தொட்டால் அது மிகக் கடுங்குளிர்காலம். 2013–14 அத்தகையது, மாறாக 2023–24 மிக மென்மையானது. ஆழ்பனியில் சிக்கிய மானை ஓநாய் எளிதில் வீழ்த்தும் என்பது உண்மையே. சில இடங்களில் அதன் தாக்கம் கணிசமானது. ஆயின் அது பனியோடும், முதிர்ந்துவரும் காட்டில் குறையும் தழையோடும் சேர்ந்தே இயங்குகின்றது.

இத்தகைய பழிசுமத்தல் புதியதன்று. 1837, 1842 ஒப்பந்தங்களால் நிலத்தைக் கையளித்த ஒஜிப்வே மக்கள், அங்கு வேட்டையாடும் உரிமையைத் தம்மிடமே வைத்திருந்தனர். 1983 இல் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தபோது, அவர்கள் மானையும் மீனையும் முற்றாக அழிப்பர் எனக் கூச்சலெழுந்தது. அவர்கள் கொண்டதோ ஏனையோர் கொண்டதில் மிகச் சிறு பங்கே. 2021 பெப்ரவரியில் நடந்த ஓநாய் வேட்டையில், பிறருக்கு ஒதுக்கிய 119 க்கு மாறாக மூன்று நாட்களுக்குள் 218 ஓநாய்கள் கொல்லப்பட்டன. ஓநாயைச் சகோதரராகக் கருதும் ஒஜிப்வே மக்கள் தமக்கு ஒதுக்கிய 81 இல் ஒன்றையேனும் கொல்லவில்லை. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் நீதிமன்றத் தீர்ப்பால் ஓநாய்க்கு மீண்டும் பாதுகாப்புக் கிடைத்தது.

5. முடிவுரை

1842 இல் இளம் மார்க்ஸ், ஏழைகள் காட்டில் விறகு பொறுக்குவதைத் திருட்டாக்கிய சட்டத்தைப் பற்றி எழுதினார். காடு யாருக்கு உரியது என்னும் அவ்வினா விஸ்கொன்சினிலும் தீரவில்லை. கடதாசிக் கம்பனிகளின் காடுகள் முதலீட்டு நிறுவனங்களுக்குக் கைமாறியுள்ளன. ஆலைகள் பல மூடப்பட்டுள்ளன. பொது வேட்டை நிலத்தை அண்டி விடுமுறை இல்லங்கள் எழுந்துள்ளன. குடிலிலிருந்து வெறுங்கையுடன் திரும்பும் தொழிலாளி எதையோ இழந்துள்ளான் என்பதில் ஐயமில்லை. அவன் இழந்தது மானை மட்டுமன்று என்பதையே நாம் வற்புறுத்த விரும்புகின்றோம். அன்று ஒஜிப்வே மீதும் இன்று ஓநாய் மீதும் திரும்பிய அவனது கோபம் நிலவுடைமையை நோக்கித் திரும்பாத வரை, மானின் எண்ணிக்கை ஏறினாலும் இறங்கினாலும் அவன் கேள்விக்கு விடை கிட்டாது.