கோணமாமலையில் ஒரு கணக்கு

அட்சரகணிதத்துக்கு ஒரு கொப்பியும் கேத்திரகணிதத்துக்கு வேறொரு கொப்பியும் வைத்துப் பயிலும் வழக்கம் நம் பாடசாலைகளில் நெடுங்காலம் நிலவியது. இன்று இரண்டும் கணிதம் என்னும் ஒரே பாடத்துள் அடங்கிவிட்டன. ஆயினும் மாணவர் உள்ளத்தில் அவை இன்னும் இரு கொப்பிகளே. அட்சரகணிதம் தமிழுக்குப் புதியதுமன்று. வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்ற விசுவநாதபிள்ளையின் 'வீசகணிதம்' 1855ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அவ்வாறிருந்தும், சாதாரண தரப் பரீட்சையிற் கணிதத்திற் சித்தியெய்தாமையால் விரும்பிய துறையிற் சேரமுடியாது திரும்பும் பிள்ளைகள் இம்மாவட்டத்திற் பலர். சூத்திரங்களை அவர்கள் அறியாதவரல்லர். சூத்திரம் பிறக்கும் இடத்தைக் கண்டறியாதவர்.

கோணேசர் கோயில் அமைந்த கோணமாமலையின் உச்சியில் நிற்பவன் கடலில் எவ்வளவு தூரம் காண்பான்? மலை ஏறத்தாழ 400 அடி உயரமுடையது. கணிப்பு இலகுவாகும்பொருட்டு 384 அடி எனக் கொள்வோம். பூமியை வட்டமாக வரைந்து, உச்சியிலிருந்து அதற்கு ஒரு தொடலி வரைக. அது தொடும் புள்ளியே தொடுவானம். அப்புள்ளிக்குச் செல்லும் ஆரை தொடலிக்குச் செங்குத்தாதலாற் செங்கோண முக்கோணி ஒன்று தோன்றும். ஆரையை ஆ, உயரத்தை உ, தூரத்தை த எனக் குறித்தால், பைதகரசின் தேற்றப்படி

த² = (ஆ + உ)² − ஆ²

கேத்திரகணிதத்தின் வேலை இத்துடன் முடிந்தது, எஞ்சியது அட்சரகணிதம்.

மாணவர் பலர் வழுவுவதும் இவ்விடத்திலேயே. (ஆ + உ)² என்பதை ஆ² + உ² என விரிக்கும் பிழை, சிவப்பு மையினால் எத்தனை முறை வெட்டப்படினும் மீண்டும் முளைக்கும் களை. அவ்வாறு விரித்தால் த = உ என்றாகும். அதாவது, 384 அடி உயரத்தில் நிற்பவனுக்குக் கடல் 384 அடியுடன் முடிந்துவிடும்! அம்மலையில் ஒருமுறையேனும் நின்று, தொலைவிற் செல்லும் வள்ளங்களை நோக்கிய திருகோணமலைப் பிள்ளைக்கு இவ்விடை நகைப்பையே விளைவிக்கும். பிழையை ஆசிரியர் வெட்டுமுன் கண்ணே வெட்டிவிடும்.

செவ்வனே விரித்தால் த² = 2ஆஉ + உ². இங்கு உ², முன்னுள்ள உறுப்பில் இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, ஆதலால் விடலாம். ஏன் விடலாம் என்று காட்டுவதும் பயிற்சியின் பாற்பட்டதே. ஆரை 3960 மைல். அடியை மைலாக்க 5280ஆற் பிரிக்கவேண்டும். 7920ஐ 5280ஆற் பிரிக்க 1½ வரும். எனவே மைலில் தூரத்தின் வர்க்கம், அடியில் உயரத்தின் ஒன்றரை மடங்கு. 384இன் ஒன்றரை மடங்கு 576. அதன் வர்க்கமூலம் 24. விடை 24 மைல். வளிமண்டலத்தில் ஒளி வளைவதால் உண்மைத் தூரம் சிறிது கூடும்.

விடை கண்டதும் கொப்பியை மூடிவிடலாகாது. கணக்கைத் திருப்பிப் போடவேண்டும். கடல்மட்டத்திலிருந்து 6 அடி உயரத்திற் கண்ணுள்ள வள்ளக்காரன் 3 மைல் காண்பான். தூரம் இரட்டிக்க உயரம் நான்மடங்காதல் வேண்டும். எனவே 24 அடிப் பாய்மரத்தின் நுனிக்கு 6 மைல். அந்நுனி மலையுச்சியில் நிற்பவன் பார்வையினின்று மறைவது 30 மைலில். இங்கு இரு தொடலிகள் ஒரே கோட்டில் இணைகின்றன. பாய்மரம் 54 அடியாயின் எத்தனை மைல் என்பதை மாணவரே காண்க. இன்னுமொரு திருப்பமும் உண்டு: உயரமும் தொடுவானத்தின் தாழ்கோணமும் தெரிந்தால் ஆரையையே காணலாம். 11ஆம் நூற்றாண்டில் அல்பிரூனி, நந்தனாக் கோட்டையருகே ஒரு மலையில் நின்று, பூமியின் ஆரையை இவ்வாறே கணித்தார்.