வெளியே வந்தவர் அடுத்து எங்கே போவது?

சபையை விட்டு விலகியவரை முதலில் வாட்டுவது ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஜமாஅத்தோடு முறிந்தவருக்கு வெள்ளிக்கிழமை மதியம். குருவின் ஆசிரமத்திலிருந்து வெளியேறியவருக்குப் பௌர்ணமி சத்சங்கம் நடக்கும் மாலை. என்ன உடுப்பது, யாரைக் கல்யாணம் செய்வது, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று எல்லாவற்றையும் யாரோ சொல்லி நடந்த வாழ்க்கை அது. திடீரென்று சொல்வதற்கு ஆளில்லாமல் போகிறது. கூடவே பட்டங்கள் வருகின்றன: பின்மாற்றக்காரன், குருத்துரோகி, வழிகெட்டவன். "கடவுளை நான் விடவில்லை, அந்தக் கூட்டத்தைத்தான் விட்டேன்" என்று சொன்னால் காது கொடுப்பவர் குறைவு.

இந்த வெறுமையைத் தாங்க முடியாமல் பலர் உடனே இன்னொரு கூட்டத்துக்குள் போய்விடுகிறார்கள். பழைய இடத்தைப் போலவே அங்கும் எல்லாவற்றுக்கும் விடை தயாராக இருக்கிறது, அதே அரவணைப்பு கிடைக்கிறது. சில வருடங்களில் அதே கட்டுப்பாடும் வந்து சேர்கிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான்: புதிய இடம் உங்களை எப்படி வரவேற்கிறது என்பதைவிட, அங்கிருந்து போக நினைப்பவரை எப்படி அனுப்பிவைக்கிறது என்பதைப் பாருங்கள்.

கண்டிப்பு வேறு, பிடி வேறு

நோன்பும் விரதமும் உணவுக் கட்டுப்பாடும் தவறில்லை. மனமுவந்து ஏற்றவருக்கு அவை பலம் தரும். கேள்வி கேட்பதே பாவமாகும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. சீனாவில் 'மனச் சீர்திருத்தம்' என்ற பெயரில் நடந்த அழுத்தத்துக்கு ஆளானவர்களைச் சந்தித்து ஆராய்ந்தார் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன். 1961-இல் வெளியான தம் நூலில், இத்தகைய சூழல்களின் எட்டு அடையாளங்களை அவர் வகுத்தார். வெளியுலகச் செய்தியை மறிப்பது, அந்தரங்கத்தை எல்லாம் அறிக்கையிட வைப்பது, கொள்கையைக் கேள்விக்கு அப்பாற்பட்ட புனிதமாக்குவது, வெளியே இருப்பவர்களின் வாழ்வுக்கு மதிப்பே இல்லை என்று நம்ப வைப்பது ஆகியவை அவற்றில் சில. எந்த மதத்தின் பெயரில் நடந்தாலும் இந்த அடையாளங்கள் மாறுவதில்லை.

வெளியே வந்த பின்னும் நரக பயம், சாபம் பலித்துவிடுமோ என்ற நடுக்கம், சின்ன முடிவைக்கூடத் தனியாக எடுக்க முடியாத தவிப்பு, தூக்கமின்மை ஆகியவை மாதக்கணக்கில் தொடரலாம். இதை உளவியலாளர் மார்லின் வினெல் 2011-இல் 'மதக் காயம்' என்ற பொருள்படும் பெயரிட்டு விவரித்தார். மருத்துவக் கையேடுகளில் இது தனி நோயாக இடம்பெறவில்லை. ஆனால் அந்தப் பயமும் பதற்றமும் மனச்சோர்வும் சிகிச்சைக்கு உரியவை. உங்கள் விசுவாசம் குறைந்ததால் வந்த தண்டனை என்று அவற்றை எண்ணாதீர்கள்.

சட்டம் உங்கள் பக்கம் எவ்வளவு நிற்கிறது?

அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் மனசாட்சிச் சுதந்திரத்தைத் தருகிறது. ஒரு நம்பிக்கையை ஏற்பதற்கும் அதை விடுவதற்கும் எதையும் ஏற்காமல் இருப்பதற்கும் அதில் இடமுண்டு. வயதுவந்தவர் எந்த மதத்தைத் தேர்வது என்பது அவருடைய சொந்த உரிமை என்று 2018-இல் ஹாதியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

ஒரு குழு உங்களை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கலாம். ஆனால் கடையில் பொருள் கொடுக்காதே, பெற்ற மகளோடு பேசாதே, சாவுக்குப் போகாதே என்று ஊரைத் தூண்டிவிடுவது வேறு விஷயம். ஒருவரை மதச் சமூகத்திலிருந்து விலக்கிவைப்பதைப் பம்பாய் மாகாணம் 1949-இல் தடைசெய்து சட்டம் போட்டது. தாவூதி போரா சமூகத் தலைவர் தொடர்ந்த வழக்கில் 1962-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு சரியா என்ற கேள்வி 2023-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. இதற்கிடையே மகாராஷ்டிரம் 2016-இல் சமூகப் புறக்கணிப்புக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்றியது. அதன்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. தமிழ்நாட்டில் இப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆனாலும் மிரட்டல், அவதூறு, அடைத்துவைத்தல் போன்ற பொதுக் குற்றப் பிரிவுகள் உதவும்.

அவற்றுள் பலருக்குத் தெரியாத ஒன்று, பாரதிய நியாய சன்ஹிதாவின் 354-ஆவது பிரிவு. தாம் சொன்னதைச் செய்யாவிட்டால் தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய் என்று ஒருவரை நம்பவைத்து, அவர் செய்யக் கடமைப்படாததைச் செய்ய வைத்தாலோ, செய்ய உரிமையுள்ளதைத் தடுத்தாலோ அது குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 508-ஆவது பிரிவாக இருந்தது.

சொத்து விஷயத்தில் பயமுறுத்தல் அதிகம். மதத்தை விட்டதாலோ சமூகத்திலிருந்து விலக்கப்பட்டதாலோ மட்டும் ஒருவரின் வாரிசுரிமை போய்விடாது. இந்தக் கொள்கையை 1850-ஆம் ஆண்டுச் சாதி இயலாமை நீக்கச் சட்டமே நிலைநாட்டியது. ஆனால் பெற்றோர் தாங்களே சம்பாதித்த சொத்தை உயில் எழுதி யாருக்கும் கொடுக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

குழுவுக்கு எழுதிக்கொடுத்த வீடோ நிலமோ திரும்பக் கிடைக்குமா? மனமாற்றம் மட்டும் போதாது. ஆன்மிக ஆதிக்கத்தைப் பயன்படுத்தி வாங்கினார்கள் என்று காட்ட வேண்டும். மறுமைப் பலன் கிடைக்கும் என்று நம்பித் தம் சொத்து முழுவதையும் குருவுக்கு எழுதிவைத்த முதியவரின் பத்திரத்தை 1890-லேயே அலகாபாத் உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. பத்திரத்தை ரத்து செய்யும் வழக்குக்குப் பொதுவாக மூன்றாண்டுக் கெடு உண்டு. அதனால் வழக்கறிஞரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மணமான பெண்ணைப் புகுந்த வீட்டார் "சபைக்கு வராவிட்டால் வீட்டில் இடமில்லை" என்று விரட்ட முடியாது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவர் அந்த வீட்டில் வசிக்கும் உரிமையைக் காக்கிறது. பிள்ளைகள் யாரிடம் வளர்வது என்ற வழக்கில் நீதிமன்றம் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனை.

ஓர் எச்சரிக்கை. பட்டியல் சாதியினருக்கு மதமாற்றம் சலுகைகளையும் தொடும். இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கே அந்தத் தகுதி உண்டு. கிறிஸ்தவத்திலிருந்து திரும்பி வருபவர் பழைய சாதி, மெய்யான மதத் திரும்பல், சமூகத்தின் ஏற்பு மூன்றையும் நிறுவ வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொன்னது. சலுகைக்காக மட்டும் மாறுவதை ஏற்க முடியாது என்று 2024-இல் கூறியது. ஒரே மதத்துக்குள் சபை மாறுவது மதமாற்றம் ஆகாது.

அடுத்த இடத்தைத் தேடும் முன்

முதலில் கொஞ்ச காலம் எதிலும் சேராமல் இருங்கள். காயம் ஆறாத காலத்தில் எடுக்கும் தீட்சையும் ஞானஸ்நானமும் பெரும்பாலும் பயத்தின் முடிவுகள். அந்த இடைவெளியில் ஜெபிக்கத் தோன்றினால் ஜெபியுங்கள், தோன்றாவிட்டால் விடுங்கள்.

பிறகு தேடலாம். கிறிஸ்துவை நேசிப்பவர் கண்டிப்பான சபையை விட்டதால் கிறிஸ்துவை விட வேண்டியதில்லை. தொழுகையை விரும்புபவருக்கு இன்னொரு பள்ளிவாசல் உண்டு. ஒரே மதத்தின் வேலிக்கு வெளியே மூச்சுவிட விரும்புபவருக்கும் தமிழ்நாட்டில் நல்ல வழிகள் இருக்கின்றன. வள்ளலார் 1867-இல் வடலூரில் ஏற்றிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறது. சாதியும் மதமும் கேட்காமல் பசித்தவருக்குச் சோறு போடுவதையே அவர் வழிபாடாக்கினார். குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950-இல் தொடங்கிய சாந்திவனத்தில் கிறிஸ்தவத் தியானமும் இந்திய மரபும் கைகோக்கின்றன. கொடைக்கானல் அருகே பெருமாள்மலையில் போதி ஜென்டோ ஜென் தியானம் கற்பிக்கிறது. உலக குரு என்று கொண்டாடப்பட்ட ஜே. கிருஷ்ணமூர்த்தி, தமக்காகவே அமைந்த அமைப்பை 1929-இல் தாமே கலைத்தார். அவர் சிந்தனையை வாசிக்கச் சென்னை வசந்த விஹாரில் இடமுண்டு. நூலகமும் இசையும் மருத்துவமனைத் தொண்டும் போதும் என்று தோன்றினால் அதுவும் முழுமையான வாழ்க்கைதான். மனம் உடைந்திருக்கும் நேரத்தில் பத்து நாள் மௌன விபாசனா போன்ற கடும் பயிற்சிக்குப் போகுமுன் மருத்துவரைக் கேளுங்கள்.

எங்கே போனாலும் இவற்றைக் கவனியுங்கள்:

• விட்டுப்போனவர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள்? நலமாக இருக்கட்டும் என்கிறார்களா, அழிந்தார்கள் என்கிறார்களா?
• காணிக்கைக் கணக்கை உறுப்பினர் பார்க்க முடிகிறதா?
• மருந்து, மருத்துவமனை, தடுப்பூசி வேண்டாம் என்கிறார்களா?
• அறிக்கையிட்ட ரகசியம் வெளியே போகிறதா?
• பெற்றோர், நண்பர்களிடமிருந்து உங்களை விலக்குகிறார்களா?
• தலைவரின் தவறைச் சுட்டியவர் இன்னும் மரியாதையோடு அங்கே இருக்கிறாரா?

முதல் கேள்விக்கும் கடைசிக் கேள்விக்கும் நல்ல பதில் கிடைக்காத இடத்தில் சேராதீர்கள்.

இன்றே செய்ய வேண்டியவை

ஆதார், சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றை உங்கள் கைக்குக் கொண்டுவாருங்கள். தசமபாகமோ சந்தாவோ கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்பட்டால் வங்கியில் எழுதிக்கொடுத்து நிறுத்துங்கள். கைப்பேசி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றுங்கள். மிரட்டும் குரல் பதிவுகளையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் பிரதி எடுத்து நம்பகமானவரிடம் கொடுங்கள். விலகுவதாகத் தேதியிட்டு இரண்டு வரியில் பதிவுத் தபால் அனுப்பினால் போதும். காரணம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. 'கடைசியாக ஒருமுறை பேசிப் பார்ப்போம்' என்று மூப்பர்களோ பொறுப்பாளர்களோ அழைத்தால் தனியாகப் போகாதீர்கள்.

உடனடி ஆபத்துக்கு 112. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. மன உதவிக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இந்த உதவி கிடைக்கும்.

இதைப் படிக்கும் உற்றார் உறவினருக்கும் ஒரு வேண்டுகோள். விட்டுவந்தவரை "அப்போதே சொன்னேன், கேட்டாயா?" என்று குத்தாதீர்கள். மறுவாரமே உங்கள் கோயிலுக்கோ சபைக்கோ இழுத்துப் போகவும் வேண்டாம். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள், வங்கிக்கும் வழக்கறிஞரிடமும் துணைக்குப் போங்கள். அவர் எதை நம்புவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். அந்த முடிவு உங்கள் நம்பிக்கையோடு ஒத்துப்போகாவிட்டாலும் உங்கள் வீட்டில் அவருக்கு இடம் இருக்கட்டும்.