கைப்பிரேக் எங்கே போனது?

மாணவர்களே, பழைய கார்களில் முன் இருக்கைகளுக்கு நடுவே ஒரு கைப்பிடி இருக்கும். அதை மேலே இழுத்தால் எஃகுக் கம்பிவடம் ஒன்று பின்சக்கர பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும். 2018 டிசம்பரில் அறிமுகமான புரோட்டோன் எக்ஸ்70 காரில் அந்தக் கைப்பிடியைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. அங்கே விரல் அளவில் ஒரு சுவிட்ச் மட்டுமே இருக்கும். இதுதான் மின் நிறுத்து பிரேக். 2001இல் பி.எம்.டபிள்யூ 7 வரிசைக் காரில் வந்த இந்த ஏற்பாடு இன்று நடுத்தர விலைக் கார்களிலும் உண்டு.

ஒரு சிறிய சுவிட்ச் காரையே பிடித்து நிறுத்துமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஐக்கிய நாடுகளின் 13-எச் விதிப்படி, நிறுத்து பிரேக் பாரம் ஏற்றிய காரை 20 விழுக்காட்டுச் சரிவில் நகராமல் பிடிக்க வேண்டும். அதாவது, 100 மீட்டர் கிடைத்தூரத்திற்கு 20 மீட்டர் ஏறும் மேடு. பாரத்தோடு 1,500 கிலோகிராம் உள்ள காரின் எடை சுமார் 15,000 நியூட்டன். அந்தச் சரிவில் காரைக் கீழே இழுக்கும் விசை அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 3,000 நியூட்டன். இரண்டு பின்சக்கரங்களும் இதைப் பங்கிட்டுத் தாங்க வேண்டும். பிரேக் தட்டு டயரைவிடச் சிறியது என்பதால், தட்டின் மேல் தேவைப்படும் பிடி இன்னும் அதிகம்.

ஒவ்வொரு பின்சக்கர பிரேக்கிலும் ஒரு சிறிய மோட்டார் உள்ளது. அது வேகமாகச் சுழலும். ஆனால் அதன் திருப்புவலிமை குறைவு. பற்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்து வலிமையைக் கூட்டுகின்றன. அடுத்து ஒரு திருகு, சுழற்சியை நேர்த்தள்ளலாக மாற்றி பிரேக் பட்டைகளைத் தட்டின் மேல் அழுத்துகிறது.

போதுமான அளவு இறுகிவிட்டது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? பட்டைகள் இறுக இறுக மோட்டார் சிரமப்படும். அது இழுக்கும் மின்னோட்டமும் ஏறும். குறித்த அளவை எட்டியதும் கணினி மின்சாரத்தை நிறுத்திவிடும்.

மின்சாரம் நின்ற பிறகும் பிரேக் பிடி விடுவதில்லை. திருகு என்பது ஒரு தண்டைச் சுற்றிய சரிவுப் பாதை. அந்தச் சரிவு மென்மையாக இருந்தால் உராய்வு அதைத் திரும்பி வழுக்க விடாது. காரைத் தூக்கும் திருகு ஜேக்கும் இப்படித்தான் பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே பேட்டரி தீர்ந்தாலும் பிரேக் பிடித்தபடியே இருக்கும். ஆனால் அதை விடுவிக்க மீண்டும் மின்சாரம் வேண்டும்.

மேடு இறங்கி வந்து நிறுத்திய காரின் பிரேக் தட்டு சூடாக இருக்கும். ஆறும்போது அது சுருங்கும், பிடியும் தளரும். அதனால் பல கார்களில், நிறுத்திய சில நிமிடங்களில் கணினி மோட்டாரை மீண்டும் ஒருமுறை இறுக்குகிறது.

ஒரு சிறு பாகம் பழுதானால் என்ன ஆகும்? 2017 ஏப்ரலில் டெஸ்லா நிறுவனம் சுமார் 53,000 மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. அவற்றின் நிறுத்து பிரேக்கில் இருந்த ஒரு சிறிய பற்சக்கரம் சரியாகத் தயாரிக்கப்படவில்லை. அது உடைந்தால் பிரேக் விடுபடாமல் சிக்கிக்கொள்ளும்.

இங்கேதான் சோதனைப் பொறியாளரின் வேலை முக்கியமாகிறது. பொறியியல் மாணவர்கள் பட்டம் பெறுமுன் தொழிற்பயிற்சிக்குச் செல்கிறார்கள். கெலுகோரில் தலைமை வளாகம் கொண்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர்களும் அப்படித்தான். பிரேக் பிரிவில் பயிற்சி கிடைத்தால் இறுக்குவது, விடுவிப்பது, மின்னோட்ட வரைபடத்தைப் பார்ப்பது என ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். சலிப்பாகத் தோன்றலாம். ஆனால் நூற்றுக்கணக்கான ஒரே மாதிரி கோடுகளுக்கு நடுவே மாறுபட்ட ஒன்றைக் கண்டுபிடிப்பவர், பழுதைச் சாலைக்கு வருமுன் தடுக்கிறார்.

நீங்களும் செய்து பாருங்கள்: ஒரு பலகையில் அழிப்பானை வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். அழிப்பான் வழுக்கத் தொடங்கும்போது அந்த முனையின் உயரத்தைக் குறியுங்கள். பிறகு பலகையில் முகப்பவுடர் தூவி மீண்டும் செய்யுங்கள். உயரம் ஏன் குறைந்தது? பிரேக் பட்டையில் எண்ணெய் படக்கூடாது என்று மெக்கானிக் சொல்வதற்கான காரணமும் அதிலேயே இருக்கிறது.