ரிக் வண்டி

ரிக் வண்டி என்பது ஆழ்துளைக் கிணறு தோண்டும் பொறி பொருத்தப்பட்ட சரக்குந்து ஆகும். பேச்சு வழக்கில் இது போர் வண்டி என்றும் அழைக்கப்படுகின்றது. கொங்கு நாட்டில், குறிப்பாக நாமக்கல் மாவட்டத்தின் திருச்செங்கோடு வட்டாரத்தில், ரிக் வண்டி வைத்திருப்பது ஒரு முதன்மையான தொழிலாகும். இவ்வட்டார வண்டிகள் தமிழ்நாட்டுக்குள் மட்டுமன்றி ஆந்திரப் பிரதேசம், கருநாடகம், மகாராட்டிரம், மத்தியப் பிரதேசம், இராசத்தான் முதலிய மாநிலங்களிலும் மாதக்கணக்கில் தங்கி வேலை செய்கின்றன. உடன் செல்லும் துணை வண்டியே பணியாளர்களுக்கு வீடாகவும் அமைகின்றது. மேலை நாடுகளில் கேரவன் எனப்படும் ஊர்தி இன்பப் பயணத்துக்கு உரியது. உண்டு உறங்கி ஊர் ஊராகச் செல்லும் ஊர்தி என்ற வகையில் கொங்கு நாட்டில் அதற்கு மிக நெருக்கமானது ரிக் தொகுதியின் துணை வண்டியே எனலாம்.

இக்கட்டுரை ரிக் வண்டியின் உடைமை, பராமரிப்பு, உத்தரவாதம் ஆகியவற்றைப் பற்றியது. துளையிடும் முறை தேவையான அளவுக்கு மட்டுமே கூறப்படுகின்றது.

பின்னணி

கொங்கு நாட்டின் நிலத்தடியில் பெரும்பாலும் கடினப் பாறைகளே உள்ளன. மழை குறைந்த இப்பகுதியில் உழவர்கள் நெடுங்காலமாக ஆழமான திறந்தவெளிக் கிணறுகளை வெட்டிக் கவலை கொண்டு நீர் இறைத்து வந்தனர். பாறையில் விரைவாகத் துளையிடும் காற்றழுத்தச் சுத்தியல் முறை இந்தியாவில் பரவுவதற்கு 1967-ஆம் ஆண்டின் வறட்சி ஒரு காரணமாக அமைந்தது. அப்போது யுனிசெப் நிறுவனம் கடினப் பாறையில் துளையிடும் ரிக்குகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. கிணற்று நீர்மட்டம் இறங்க இறங்க ஆழ்துளைக் கிணறுகளின் தேவை பெருகியது. சரக்குந்துத் தொழிலில் பழகியிருந்த நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தாருக்கு, சரக்கு ஏற்றும் வண்டிக்குப் பதிலாகத் துளையிடும் வண்டியை ஓட்டுவது பெரிய மாற்றமாக இருக்கவில்லை. கூண்டு கட்டுவோர், பற்றவைப்போர், கடைசல் பட்டறைகள், உதிரிப்பாகக் கடைகள் யாவும் ஏற்கனவே அருகில் இருந்தன.

புதிய தொகுதி ஒன்றின் விலை இன்று கோடி ரூபாயைத் தாண்டும். எனவே உறவினரோ நண்பரோ பங்கு சேர்ந்து வாங்குவது வழக்கம். மீதித் தொகை நிதி நிறுவனக் கடனாகும். வண்டி ஓடினாலும் நின்றாலும் மாதத் தவணை நிற்பதில்லை. பராமரிப்பைப் பற்றிய எல்லாக் கணக்குகளும் இதிலிருந்தே தொடங்குகின்றன.

அமைப்பு

ஒரு தொகுதியில் பொதுவாக இரண்டு சரக்குந்துகள் இருக்கும். முதலாவது ரிக் வண்டி. இதன் அடிச்சட்டத்தின் மேல் துளையிடும் கோபுரம், காற்றழுத்தி, அதனை இயக்கும் தனி டீசல் பொறி, நீர்ம அழுத்த எக்கிகள், நிறுத்தித் தாங்கும் ஜாக்கிகள் ஆகியவை பொருத்தப்பட்டிருக்கும். காற்றழுத்தி அனுப்பும் காற்று, ராடு எனப்படும் குழாய்களின் வழியே இறங்கித் துளையின் அடியிலுள்ள சுத்தியலை இயக்கும். சுத்தியலின் முனையிலுள்ள பிட் பாறையை நொறுக்க, அதே காற்று தூளை மேலே தள்ளும். ராடு ஒன்று 20 அடி நீளமெனின், 1000 அடித் துளைக்கு 50 ராடுகள் வேண்டும். இவற்றை ஒவ்வொன்றாக மாட்டி இறக்கி, மீண்டும் ஒவ்வொன்றாகக் கழற்றி ஏற்ற வேண்டும்.

இரண்டாவது துணை வண்டி. பேச்சு வழக்கில் சப்போர்ட் வண்டி. ராடுகள், உறைக் குழாய்கள், டீசல், தண்ணீர், கருவிகள், அரிசி பருப்பு, பாய் படுக்கை யாவும் இதில்தான் செல்லும்.

துணை வண்டி வீடாக

மேலாளர், டிரில்லர், ஓட்டுநர்கள், உதவியாளர்கள், சமையல்காரர் எனப் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு தொகுதியுடன் பயணிக்கின்றனர். முன்னர்ப் பெரும்பாலும் உள்ளூராரே சென்றனர். தற்போது வட, நடு இந்திய மாநிலத் தொழிலாளர்களும் மிகுதியாகப் பணிபுரிகின்றனர். வேலை கிடைக்கும் இடம் பாயின்ட் எனப்படும். ஒரு பாயின்ட் முடிந்தவுடன் நள்ளிரவானாலும் அடுத்ததற்குப் புறப்பட வேண்டியிருக்கும். ஆகவே கூடாரம் அடித்துத் தங்குவதைவிட வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே உறங்குவது எளிது.

இந்தியாவில் மோட்டார் கேரவன்களுக்கான ஏஐஎஸ் 124 என்னும் தரநிலை உள்ளது. இருக்கையும் மேசையும், படுக்கை, சமையல் வசதி, பொருள் வைக்கும் இடம் ஆகியவை கேரவனின் அடிப்படை அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன. மேசை ஒன்றைத் தவிர மற்ற யாவும் துணை வண்டியில் ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன. ஆனால் அது கேரவனாகப் பதியப்படுவதில்லை. கேரவன்களில் எரிவளி உருளை வைக்கும் அறை, காற்றோட்டம், தீயணைப்பான் ஆகியவற்றுக்குக் காட்டப்படும் கவனத்தையும் துணை வண்டிகளில் எதிர்பார்க்க இயலாது. டீசல் பீப்பாயும் எரியும் அடுப்பும் ஒரே தளத்தில் இருப்பது வெளிப்படையான தீ ஆபத்து. வெயிலுக்கு ஒதுங்கி வண்டியின் அடியில் உறங்குவது அதனினும் கொடியது. ஓட்டுநர் அறியாமல் வண்டியை நகர்த்தினால் உயிர் போகும். அடுப்பைத் தரையில் இறக்கிச் சமைப்பது, உறங்குமிடத்தை வண்டியின் மேல்தளத்திலேயே அமைப்பது, புறப்படும் முன் ஆள் எண்ணிப் பார்ப்பது ஆகியன செலவில்லாத பராமரிப்பு வேலைகள். எண்ணெய் மாற்றுவதைப் போன்றே இன்றியமையாதவை.

மணிக்கணக்கும் கிலோமீட்டர் கணக்கும்

சாலையில் ஓடும் ஊர்தியின் தேய்மானத்தைக் கிலோமீட்டரில் அளக்கிறோம். ரிக் வண்டி நின்ற இடத்தில் நின்றுகொண்டே தேய்கின்றது. ஆகையால் காற்றழுத்தியின் பொறிக்கு மணி அளவி பொருத்தப்பட்டுள்ளது. எண்ணெய் மாற்றுதல், வடிகட்டி மாற்றுதல் யாவும் அதன்படியே நடைபெறும். பல டீசல் பொறிகளுக்கு 250 மணிக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவது வழக்கமான அளவு. பொறியின் கையேடு சொல்வதே முடிவானது. நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓடும் வண்டியில் 250 மணி என்பது மூன்று வாரத்தில் வந்துவிடும்.

துணை வண்டிக்கு இது பொருந்தாது. அது சாலையில்தான் தேய்கின்றது. வட்டை, நிறுத்தி, வில் தகடு ஆகியவையே அதன் கவலைகள். ரிக் வண்டியைத் தாங்கும் சரக்குந்தின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. சில வகைகளில் சரக்குந்தின் சொந்தப் பொறியே நீர்ம அழுத்த எக்கிகளை இயக்குகின்றது. அப்போது கிலோமீட்டர் அளவி அசையாமல் இருக்க, பொறி மட்டும் நாள் முழுதும் ஓடும். கிலோமீட்டரை மட்டும் பார்த்து எண்ணெய் மாற்றுபவர் இங்கே ஏமாந்து போவார்.

பழுதுகள்

ரிக் வண்டியின் முதல் பகை பாறைத் தூள். துளையிலிருந்து எழும் தூளைப் பொறியும் காற்றழுத்தியும் சேர்ந்தே உள்ளிழுக்கின்றன. காற்று வடிகட்டி கிழிந்தால், அல்லது அதன் குழாய் இணைப்புத் தளர்ந்தால், நுண்தூள் பொறிக்குள் சென்று உருளையையும் வளையங்களையும் அரைத்துவிடும். எண்ணெய்க் கசிவும் தூளும் சேர்ந்து குளிர்விப்பானின் இடுக்குகளை அடைத்துக்கொள்வதால் சூடேறுதல் மற்றொரு வழக்கமான தொல்லை. நாள்தோறும் மாலையில் குளிர்விப்பானைக் காற்றால் ஊதித் துப்புரவு செய்வதற்குப் பத்து நிமிடம் கூடத் தேவையில்லை. அதனைச் செய்யாத வண்டிகளில் வெப்பம் மிகும்போது பொறியை நிறுத்தும் காப்பு அடிக்கடி வேலை செய்யும். எரிச்சலில் அக்காப்பின் கம்பியைத் துண்டித்து நேரடியாக இணைத்து ஓட்டுவதும் உண்டு. காய்ச்சல் அளக்கும் கருவியை உடைத்துவிட்டால் காய்ச்சல் போய்விடும் என்று எண்ணுவதற்கு ஒப்பானது இது.

காற்றழுத்தியின் இதயம், ஒன்றோடொன்று இழைந்து சுழலும் இரண்டு திருகு உருளைகள். இவற்றின் தாங்கிகள் தேய்ந்தால் உருளைகள் ஒன்றையொன்று உரசும். பழுதுகளுள் மிகுந்த செலவு வைப்பவற்றில் இதுவும் ஒன்று. எண்ணெய் பிரிப்பான் அடைபட்டால் காற்றோடு எண்ணெயும் வெளியேறி, எண்ணெய் அளவு குறைந்து, இதே முடிவில் கொண்டுபோய் விடும். பழுதுநீக்கத்துக்குக் கொங்கு நாட்டாருக்கு ஒரு வசதி உண்டு. காற்றழுத்தி உற்பத்தியில் பெயர்பெற்ற எல்ஜி எக்யுப்மென்ட்சு நிறுவனம் 1960-இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்டது. எக்கி, வார்ப்படம், கடைசல் ஆகியவற்றில் தேர்ந்த பட்டறைகளும் அந்நகரில் ஏராளம். ஆனால் வண்டி பழுதடைவது பெரும்பாலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஆகும்.

பிட்டின் முகத்திலுள்ள தங்குதன் கார்பைடு குமிழ்கள் தேய்ந்து தட்டையாகும். உரிய நேரத்தில் சாணை பிடித்தால் நீண்ட நாள் வரும். ராடு மரைகளுக்குக் கிரீசு தடவாமல் மாட்டினால் மரை தேய்ந்து, ஆழத்தில் முறிந்து, சுத்தியலோடு துளைக்குள்ளேயே தங்கிவிடக்கூடும். நீர்ம அழுத்தக் குழல்கள் வெடிப்பதால் ஆட்களுக்குக் காயம் நேர்வதுண்டு. வீங்கிய குழலைக் கட்டுப் போட்டு ஓட்டக் கூடாது.

மழைக்காலத்தில் வயல்களுக்குள் வண்டி இறங்காது. அப்போது ஊர் திரும்பும் வண்டிகளைப் பிரித்துப் பார்த்துச் சீரமைப்பர்.

உத்தரவாதம்

ரிக் வண்டி ஒரே பொருளாக விற்கப்பட்டாலும் அதன் உத்தரவாதம் ஒன்றல்ல. சரக்குந்துக்கு அதன் உற்பத்தியாளரும், மேலேயுள்ள டீசல் பொறிக்கு அதனைச் செய்தவரும், காற்றழுத்திக்கு மற்றொருவரும், கோபுரத்துக்கும் இணைப்புகளுக்கும் ரிக் கட்டியவரும் தனித்தனியே பொறுப்பாவர். வட்டைக்கும் மின்கலத்துக்கும் வேறு அட்டைகள் இருக்கும். சுத்தியல், பிட், வடிகட்டி, குழல் முதலியன தேயும் பொருள்களாகக் கருதப்படுவதால் அவை பெரும்பாலும் எந்த உத்தரவாதத்திலும் அடங்குவதில்லை. மேலை நாட்டுக் கேரவன் உடைமையாளர்களும் இதே நிலையில்தான் உள்ளனர். அங்கும் அடிச்சட்டம் ஒருவருடையது, வீடு மற்றொருவருடையது, குளிர்பெட்டி வேறொருவருடையது.

சிக்கல் எல்லையில் எழுகின்றது. பொறியையும் காற்றழுத்தியையும் பிணைக்கும் இணைப்பி உடைந்து இரண்டும் கெட்டால், பொறி செய்தவர் காற்றழுத்தியையும், காற்றழுத்தி செய்தவர் பொருத்தியவரையும் காட்டுவர். இதற்கு வாங்கும்போதே தீர்வு காண வேண்டும். இணைப்பிடங்கள் யார் பொறுப்பு என்பதை ரிக் கட்டியவரிடம் எழுத்தில் பெறுவது நல்லது. வாய்ச்சொல் வடமாநிலத்து வயலில் உதவாது.

கால வரையறையையும் கவனித்துப் படிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 'ஓராண்டு அல்லது 2000 மணி, இவற்றுள் எது முந்துகின்றதோ அதுவரை' என ஓர் அட்டை கூறுவதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 12 மணி ஓடும் வண்டியில் 2000 மணி 167 நாள்களில் முடிந்துவிடும். ஓராண்டு என்று எண்ணியிருந்தவருக்கு ஐந்தரை மாதமே கிடைக்கின்றது. கடன் தவணையோ ஆண்டுக்கணக்கில் நீள்கின்றது.

நீட்டித்த உத்தரவாதம்

இவ்விடைவெளியை நிரப்பவே கூடுதல் கட்டணத்துக்கு நீட்டித்த உத்தரவாதம் விற்கப்படுகின்றது. இது பெரும்பாலும் முதல் உத்தரவாதம் முடியும் முன்னரே வாங்கப்பட வேண்டும். வாங்குமுன் பார்க்க வேண்டியது கட்டணத்தை அன்று, விலக்குகளையே. முழுப் பொறியும் அடங்குமா, உள்ளுறுப்புகள் மட்டுமா? வண்டி நிற்கும் மாநிலத்தில் சேவை மையம் உண்டா? பொறிவல்லுநர் வந்து செல்லும் செலவு யாருடையது? வண்டியை விற்றால் உத்தரவாதம் வாங்குபவருக்கு மாறுமா? நின்றுபோன நாள்களின் வருவாய் இழப்பைப் பொதுவாக எந்த உத்தரவாதமும் ஈடு செய்வதில்லை. பன்னிரண்டு பேரின் கூலியும் சாப்பாடும் ஒரு வாரம் வீணானால், இலவசமாகக் கிடைத்த உதிரிப்பாகத்தின் பயன் அதிலேயே கரைந்துவிடும். ஆகவே தொலைதூரம் செல்லும் வண்டிக்கு, தாள்களில் தாராளமான உத்தரவாதத்தைவிட அருகில் ஆள் அனுப்பக்கூடிய உத்தரவாதமே மேலானது.

கோரிக்கை மறுக்கப்படுவதற்குப் பதிவேடு இல்லாமையே பல நேரங்களில் காரணமாகின்றது. குறிப்பிட்ட எண்ணெயைக் குறிப்பிட்ட மணியில் மாற்றியதற்குச் சான்று கேட்கப்படும். வழியில் கிடைத்த எண்ணெயை ஊற்றிவிட்டு எழுதாமல் விடுவதும், மேற்கூறிய வெப்பக் காப்பைத் துண்டிப்பதும் உத்தரவாதத்தை இழக்கச் செய்யும். மணி அளவியின் எண், நாள், எண்ணெயின் பெயர், இரசீது ஆகிய நான்கையும் ஒரு குறிப்பேட்டில் வைக்கும் மேலாளர் உடைமையாளருக்குப் பெருந்தொகையை மிச்சப்படுத்துகின்றார்.

காப்பீடும் சட்டமும்

காப்பீடு வேறு, உத்தரவாதம் வேறு. மோட்டார் காப்பீடு விபத்து, தீ, திருட்டு போன்றவற்றுக்கு உரியது; தேய்மானமும் இயந்திர, மின் பழுதுகளும் அதில் அடங்கா.

நடுவண் அரசின் 2004-ஆம் ஆண்டு நவம்பர் 5 நாளிட்ட அறிவிக்கை, ரிக், மின்னாக்கி, காற்றழுத்தி பொருத்திய ஊர்திகளைப் போக்குவரத்து அல்லாத ஊர்திகளின் பட்டியலில் வைத்தது. சொந்தப் பயன்பாட்டுக்கான கேரவன் வகை ஊர்திகளும் அதே பட்டியலில் இடம்பெற்றன என்பது சுவையானது.

குறையுள்ள வண்டிக்கு நுகர்வோர் ஆணையத்தை நாடலாமா என்பது உடைமையைப் பொறுத்தது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகார். எனினும் சுயவேலை மூலம் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. அவர் குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தம் ஊர் ஆணையத்திலேயே முறையிடலாம். பல வண்டிகளை வைத்து ஆள் கொண்டு நடத்தும் கூட்டு நிறுவனத்துக்கு இவ்விலக்குக் கிடைப்பது அரிது. அத்தகையோருக்கு 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் உரிமையியல் நீதிமன்றமுமே வழி.

பழைய வண்டி வாங்குதல்

புதிதாகத் தொழில் தொடங்குவோர் பலர் பழைய தொகுதியையே வாங்குகின்றனர். புதுச் சாயம் பூசிய கோபுரத்தைப் பார்த்து விலை பேசுதல் தவறு. மணி அளவி மாற்றப்பட்டிருக்கலாம்; அதன் எண்ணைப் பராமரிப்புக் குறிப்பேட்டோடு ஒப்பிட வேண்டும். காற்றழுத்தியை முழு அழுத்தத்தில் ஒரு மணி நேரமாவது ஓடவிட்டு வெப்பநிலையையும், வெளிவரும் காற்றில் எண்ணெய் உள்ளதா என்பதையும் பார்ப்பர். கோபுரத்தின் அடியில் மறு பற்றவைப்புத் தடம் இருந்தால் காரணம் கேட்க வேண்டும். ராடுகளை எண்ணினால் போதாது, மரைகளைத் துடைத்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பதிவுச் சான்றில் நிதி நிறுவனத்தின் பெயர் நீக்கப்பட்டிருக்கின்றதா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்னரே உறுதி செய்துகொள்வது வழக்கம்.