ஜைரோஜெட்: ராக்கெட் எய்யும் கைத்துப்பாக்கி

13 மி.மீ. | எம்.பி. அசோசியேட்ஸ், கலிபோர்னியா, அமெரிக்கா | 1960-கள்
வடிவமைப்பு: ராபர்ட் மெயின்ஹார்ட், ஆர்ட் பீல்

இந்தத் துப்பாக்கியிலிருந்து பாய்வது சின்னஞ்சிறு ராக்கெட். வழக்கமான துப்பாக்கியில் வெடிமருந்து குழலுக்குள் எரிந்து குண்டைத் தள்ளும். இங்கே ராக்கெட் தன் எரிபொருளைத் தானே சுமந்து செல்கிறது. மெதுவாகக் கிளம்பி, ஏறத்தாழ 20 மீட்டர் தூரத்தில்தான் முழு வேகத்தை எட்டுகிறது.

அடிப்பாகத்தின் சாய்வான துளைகள் வழியே சீறும் வாயு ராக்கெட்டைச் சுழற்றுகிறது. ஆகவே குழலுக்குள் புரிப்பள்ளம் தேவையில்லை. உள்ளே அழுத்தம் குறைவு. பின்னுதைப்பும் மிகக் குறைவு. குழலின் பக்கத் துளைகளைக் கவனியுங்கள்: வாயு வெளியேறும் வழிகள் அவை.

இயங்கும் விதம்தான் இதன் தனிச்சிறப்பு. விசையை இழுத்தால் சுத்தியல் ராக்கெட்டின் மூக்கில் அடித்து, பின்னாலுள்ள அசையா ஊசியில் அதை மோதவைக்கும். தீப்பிடித்து முன்னேறும் ராக்கெட் சுத்தியலை அழுத்திவிட்டுச் செல்வதால், அடுத்த வேட்டுக்குத் துப்பாக்கி தானே தயாராகிவிடும்.

கிட்டத்தில் வலு குறைந்ததாலும் குறி நிலைக்காததாலும் படைகள் இதைப் பரவலாக ஏற்கவில்லை. இன்று துப்பாக்கியைப் போலவே அதன் ராக்கெட்டுகளும் அரியவை. ஆர்வலர் ஒருவர் இதைச் சுடும்போது, மீண்டும் கிடைக்காத சேகரிப்புப் பொருள் ஒன்று எரிந்துபோகிறது. அதனால் பலர் சுடாமலே பாதுகாக்கிறார்கள்.