இனி வரும் நிகழ்ச்சிகள்



நம் வீட்டிற்கு ஒரு திருமண அழைப்பிதழ் வருகிறது. மணமக்களின் பெயர்கள் அதில் உள்ளன. இரு வீட்டுப் பெரியோர்களின் பெயர்களும் வரிசையாக உள்ளன. ஆனால் நாளும் நேரமும் மட்டும் அச்சிடப்படாமல் விடுபட்டுப் போயின என்று வைத்துக்கொள்வோம். அவ்வழைப்பிதழால் யாது பயன்? பந்தலும் பந்தியும் எத்துணைச் சிறப்பாக அமைந்திருந்தாலும், நாள் அறியாதவர் அங்கே சென்று சேர முடியாதன்றோ? வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் நிலையும் இத்தகையதே. ஒரு நிகழ்ச்சியை ஆக்குவது ஒரு பணி. அது வருகிறது என்று உரியவர்க்கு உரிய காலத்தில் அறிவிப்பது மற்றொரு பணி. இந்த இரண்டாவது பணியைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகின்றேன்.

'இனி வரும் நிகழ்ச்சிகள்' என்ற அறிவிப்பு இக்காலத்தில் தோன்றிய புதுமை என்று பலர் எண்ணுவர். எங்கள் ஜெயங்கொண்டத்திற்கு அருகில் உள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு பதினோராம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ளது. ஆண்டுதோறும் வைகாசிப் பெருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடப்பெற வேண்டும் என்றும், அதனை ஆடும் சாந்திக்கூத்தனுக்கு ஆண்டொன்றுக்கு 120 கலம் நெல் அளிக்கப்பெற வேண்டும் என்றும் அது கூறுகிறது. இதனைச் சற்று ஆராய்ந்து பாருங்கள். எந்த நிகழ்ச்சி, எந்த இடத்தில், எந்தத் திங்களில், யாரால், என்ன ஊதியத்திற்கு என்னும் ஐந்து செய்திகளும் அதில் அடங்கியுள்ளன. இன்று ஓர் ஒலிபரப்பு நிலையம் கலைஞருக்கு அனுப்பும் ஒப்பந்தத் தாளிலும் ஏறத்தாழ இவையே இருக்கின்றன. வேறுபாடு ஒன்றுதான். அந்தக் காலத்தில் அது கல்லில் வெட்டப்பட்டது. ஆகவே ஆண்டுக்கு ஆண்டு மாறாதது. இக்கால நிகழ்ச்சியோ நாள்தோறும் மாறுவது. ஆகவே நாள்தோறும் அறிவிக்கப்பட வேண்டியது.

வானொலி தோன்றியபோதே இத்தேவையும் உடன் தோன்றிற்று. இங்கிலாந்தில் பி.பி.சி. நிறுவனம் ஒலிபரப்பைத் தொடங்கிய மறு ஆண்டிலேயே, நிகழ்ச்சிப் பட்டியலை வெளியிடுவதற்குக் கட்டணம் தர வேண்டும் என்று நாளிதழ்களின் உரிமையாளர்கள் வற்புறுத்தினர். அதனை அரியதொரு வாய்ப்பாக மாற்றிக்கொண்ட நிறுவனத்தார் தமக்கென்று 'ரேடியோ டைம்ஸ்' என்னும் இதழைத் தொடங்கினர். அதன் முதல் இதழ் 1923 செப்டம்பர் 28-ஆம் நாள் வெளிவந்தது. நம் நாட்டிலும் இவ்வழக்கம் பரவிற்று. 1938-இல் சென்னை நிலையமும், 1939-இல் திருச்சிராப்பள்ளி நிலையமும் அகில இந்திய வானொலியின் நிலையங்களாகத் தொடங்கப்பெற்றன. தமிழ் நிலையங்களின் நிகழ்ச்சிகளை முன்கூட்டியே அச்சிட்டுத் தரும் 'வானொலி' என்னும் இதழ் பல்லாண்டுகள் வெளிவந்து, பின்னர் நின்று போயிற்று. என் இளமையில் எங்கள் ஊராட்சி மன்றத்தின் வானொலி அறையில் அவ்விதழின் பக்கங்களைப் புரட்டி, இசைக் கச்சேரிகளின் நேரத்தைச் சிவப்பு மையால் கோடிட்டு வைப்பார் ஒரு பெரியவர். அந்தக் கோடுகளைப் பார்த்தே ஊரில் பலர் தம் மாலைப்பொழுதை வகுத்துக் கொண்டனர்.

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். இந்தியாவில் சோதனை முறையிலான தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில் தொடங்கிற்று. சென்னையில் 1975 ஆகஸ்டு 15-ஆம் நாள் அது வந்து சேர்ந்தது. அதுவரை வானொலியின் ஒரு கிளையாக இருந்த தொலைக்காட்சி, 1976 ஏப்ரல் முதல் நாள் 'தூர்தர்ஷன்' என்னும் தனி அமைப்பாயிற்று. 1984-இல் நாடெங்கும் நாளொன்றுக்கு ஒன்று என்னும் விரைவில் சிறு ஒளிபரப்பிகள் நிறுவப்பட்ட பின்னரே எங்களைப் போன்ற வெளியூர்களிலும் அது பரவலாயிற்று.

சென்னைத் தொலைக்காட்சியில் 'வயலும் வாழ்வும்', 'ஒலியும் ஒளியும்', நேயர் மடல்களுக்கு விடை கூறும் 'எதிரொலி' ஆகியவை பெரிதும் விரும்பப்பட்டவை. அவற்றோடு 'முன்னோட்டம்' என்று ஒரு நிகழ்ச்சியும் உண்டு. அடுத்த கிழமையில் என்னென்ன வரவிருக்கின்றன என்பதைக் கூறுவதே அதன் வேலை. ஒரு நிகழ்ச்சியைப் பற்றி அறிவிப்பதே தனியொரு நிகழ்ச்சியாகி, அதற்கும் நேயர்கள் காத்திருந்தனர் என்பதை இன்றைய இளைஞர்கள் வியப்புடன் கேட்பார்கள். ஒரே அலைவரிசையும், ஒரு கிழமைக்கு ஒரு சில திரைப்படங்களும் மட்டுமே இருந்த காலம் அது. தவறவிட்டால் மீண்டும் காண வழியில்லை. அந்தச் சென்னை நிலையத்தின் அலைவரிசை பின்னர்ப் 'பொதிகை' என்னும் பெயர் பெற்று, 2024 ஜனவரியில் 'டி.டி. தமிழ்' என்று புதுப்பெயர் சூட்டப்பெற்றது.

ஒரு நிலையத்தின் நிகழ்ச்சி நிரல் எவ்வாறு உருவாகிறது? முதலில் அசையாத தூண்கள் நாட்டப்படுகின்றன. செய்தி அறிக்கைகளே அத்தூண்கள். அவற்றின் நேரம் பெரும்பாலும் மாறுவதில்லை. உழவர், மாணவர், மகளிர் எனக் குறிப்பிட்ட மக்களுக்குரிய நிகழ்ச்சிகள், அவரவர்க்கு ஓய்வு கிடைக்கும் வேளையை நோக்கி அத்தூண்களுக்கு இடையே அமைக்கப்படுகின்றன. உழவருக்குரிய நிகழ்ச்சி ஏன் பட்டப்பகலில் வருவதில்லை? அவர் அப்போது வயலில் இருக்கிறார், அதுவே காரணம். எஞ்சிய இடங்களில் இசையும் உரையும் நாடகமும் நிரப்பப்படுகின்றன. வானொலியில் மூன்று திங்களுக்கு ஒரு முறை இத்திட்டம் வகுக்கப்பட்டு, உரையாளர்க்கும் கலைஞர்க்கும் முன்கூட்டியே மடல்கள் செல்கின்றன. இறுதியில் ஒவ்வொரு நாளுக்கும் மணி, நிமிடக் கணக்குடன் ஒரு தாள் ஆயத்தமாகி அறிவிப்பாளர் முன் வைக்கப்படுகிறது. நாம் கேட்கும் அறிவிப்பு, அந்தத் தாளின் ஒரு சிறு பகுதியே.

இவ்வளவு திட்டமிட்டும் நிகழ்ச்சிகள் சில வேளைகளில் மாறுகின்றன. பெரியோர் ஒருவரின் மறைவு, புயல் எச்சரிக்கை, நேரடி ஒளிபரப்பு நீண்டு போதல் ஆகியவை நிரலைத் தள்ளிவிடும். ஆகவேதான் 'நிகழ்ச்சிகள் மாறுதலுக்கு உட்பட்டவை' என்று குறிப்பிடுகின்றனர். மாற்றம் குற்றமன்று, மாறியதைச் சொல்லாமல் விடுவதே குற்றம்.

இவையெல்லாம் நூலறிவாகவும் செவியறிவாகவும் எனக்குத் தெரிந்தவை. நிகழ்ச்சி அறிவிப்பின் உண்மையான பொறுப்பை நான் உணர்ந்தது, ஓய்வு பெற்ற பிறகு, 2020-ஆம் ஆண்டில்தான்.

தமிழ்நாட்டு அரசின் பள்ளிக் கல்வித் துறை 2019 ஆகஸ்டு 26-ஆம் நாள் 'கல்வித் தொலைக்காட்சி' என்னும் அலைவரிசையைத் தொடங்கிற்று. அடுத்த மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. புதிய கல்வியாண்டு பிறந்தும் பள்ளிக் கதவுகள் திறக்கவில்லை. ஜூலை முதல் வகுப்பு வாரியாகவும் பாட வாரியாகவும் நேரம் பகுத்து அவ்வலைவரிசையில் பாடங்கள் ஒளிபரப்பாயின. எங்கள் பகுதியில் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பெரும் பஞ்சமில்லை. 2006-இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் குடிசைகளுக்கும் பெட்டிகளைக் கொண்டு சேர்த்திருந்தது. பஞ்சம் வேறொன்றில் இருந்தது. எந்த வகுப்பிற்கு எப்போது பாடம் என்ற அட்டவணை கைப்பேசி வழியாகவே பெரும்பாலும் வந்தது. வீட்டிற்கு ஒரு கைப்பேசி. அதுவும் தந்தையின் சட்டைப்பையில். அவரோ விடியுமுன் முந்திரிக் காட்டிற்கோ கட்டட வேலைக்கோ சென்று விடுவார். அட்டவணையும் அவருடன் சென்றுவிடும்!

இதனைக் கண்ட நான், பேரனுக்காக வாங்கிய கரும்பலகை ஒன்றை எடுத்து வீட்டுத் திண்ணையில் சார்த்தி வைத்தேன். ஒவ்வொரு நாள் மாலையும் மறுநாளைய பாட நேரங்களை வகுப்பு வாரியாக அதில் எழுதலானேன். நாற்பதாண்டு நெருங்கச் சுண்ணக்கட்டி பிடித்த கைக்கு அது மகிழ்ச்சியாகவும் இருந்தது. தெருப் பிள்ளைகள் வந்து குறித்துக்கொண்டு போயினர். செய்தி பரவி, பொன்னேரிக் கரைப் பக்கத்திலிருந்தும் சிலர் வரலாயினர். இராசேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் என்னும் பேரேரியே இன்று பொன்னேரி என வழங்குகிறது.

ஒருநாள் பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தின் நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளி எழுதி விட்டேன். கண்ணாடி அணியாமல் எழுதினேன் என்று சமாதானம் கூறலாம். ஆனால் எழுதிய பின் ஒரு முறை ஒப்பிட்டுப் பார்க்காதது என் குறையே. மறுநாள் முற்பகல் ஒரு சிறுமி வாசலில் வந்து நின்றாள். அவள் வீட்டுப் பெட்டி பழுதாகியிருந்தது. ஆகவே, இரண்டு கல் தொலைவு நடந்து, எங்கள் தெருவிலுள்ள அத்தை வீட்டில் பாடம் பார்ப்பது அவள் வழக்கம். அன்று அவள் வந்து சேர்ந்தபோது பாடம் முடிந்திருந்தது. அவள் சினந்து பேசவில்லை. "ஐயா, பலகையைப் பார்த்துத்தானே வந்தேன்" என்றாள். அவ்வளவுதான். ஆசிரியப் பணியில் மேலதிகாரிகளின் குறிப்புகள் பலவற்றைப் படித்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியம் போல் எதுவும் என்னைத் தைத்ததில்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் இடப்பட்டிருந்தமையால், என் கைப்பேசியில் அதனைத் தேடித் திண்ணையிலேயே அவளுக்குக் காட்டினேன். ஆனால் அன்று பலகையைப் பார்த்துச் சென்ற மற்றப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் என்ன செய்தனர் என்பதை நான் அறியேன். அன்றிலிருந்து எழுதியதை எழுதியவனே சரிபார்ப்பதை நிறுத்தினேன். நான் எழுத, என் மனைவியார் அட்டவணையைப் படிக்க, பேரன் பலகையைப் படிக்க, மூன்றும் ஒத்த பின்னரே பலகை திண்ணைக்குச் செல்லும்.

அறிவிப்பு என்பது ஒரு செய்தி மட்டுமன்று. அதனை நம்பி ஒருவர் தம் வேலையை விட்டுவிட்டு வருகிறார். ஆகவே நல்ல நிகழ்ச்சி அறிவிப்பிற்கு நான்கு இயல்புகள் வேண்டும் என்பது என் கருத்து. முதலாவது பிழையின்மை, நாளும் நேரமும் இருவரால் ஒப்பிடப்பட வேண்டும். இரண்டாவது காலம், வேலையை மாற்றிக்கொள்ளும் அளவிற்கு முன்னதாக அது வர வேண்டும். மூன்றாவது சென்றடையும் வழி. கைப்பேசி இல்லாதவருக்கும் அது எட்ட வேண்டும். நூலகச் சுவர், தேநீர்க் கடைப் பலகை, ஊராட்சி மன்ற வாசல் ஆகியவை இன்றும் நல்ல ஊடகங்களே. நான்காவது சுவை. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு முதலில் கற்பித்தது, பாடத்தைத் தொடங்குமுன் மாணவன் உள்ளத்தை ஆயத்தம் செய்ய வேண்டும் என்பதே. 'நாளை மாலை ஓர் உரை' என்பதைவிட, 'முந்திரியில் தேயிலைக் கொசு தாக்கினால் என்ன செய்வது என்பதை நாளை மாலை அறியலாம்' என்று கூறினால், எங்கள் ஊர் உழவர் தாமே வந்து அமர்வார்.

இன்று தொலைக்காட்சிப் பெட்டியின் விசையை அழுத்தினால் வரப்போகும் நிகழ்ச்சிகளின் பட்டியல் திரையிலேயே தோன்றுகிறது. விரும்பிய நேரத்தில் விரும்பியதைக் காணும் வசதியும் வந்துவிட்டது. ஆகவே முன்னறிவிப்பின் காலம் முடிந்தது என்று சிலர் கூறுகின்றனர். நான் அவ்வாறு எண்ணவில்லை. ஒரே அலைவரிசை இருந்த காலத்தில், 'எப்போது?' என்று கேட்டோம். நூறு அலைவரிசைகள் உள்ள இக்காலத்தில், 'எதை?' என்று கேட்கிறோம். பட்டியல் நீண்டால் தேர்ந்தெடுத்துச் சொல்வாரின் தேவை மிகுமேயன்றிக் குறையாது. தனியார் அலைவரிசைகள் தம் தொடர்களைப் பற்றித் தாமே ஓயாமல் முழங்கிக்கொள்ளும். உழவுக்கும், நாட்டுப்புறக் கலைக்கும், பள்ளிப் பிள்ளைக்கும் உரிய பொது ஒளிபரப்பின் நிகழ்ச்சிகளை யார் எடுத்துச் சொல்வது? நிலையத்தாரும் சொல்ல வேண்டும். அறிந்த நாமும் அண்டை வீட்டாருக்குச் சொல்ல வேண்டும்.

பள்ளிகள் மீண்டும் திறந்த பின் என் கரும்பலகைக்கு முன்போல் வேலையில்லை. ஆயினும் அதனை உள்ளே எடுத்து வைக்கவில்லை. திருச்சிராப்பள்ளி வானொலியிலும் தொலைக்காட்சியிலும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் உழவர்களுக்கும் பயன்படுவன எவையேனும் மறுநாள் வருமாயின், இரண்டு மூன்று வரிகளில் எழுதி வைக்கிறேன். அன்று வாசலில் வந்து நின்ற சிறுமி இப்போது கல்லூரியில் பயில்கிறாள். விடுமுறையில் வரும்போதெல்லாம் பலகையைப் படித்துவிட்டு, "ஐயா, நேரம் சரிதானே?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். "மூவர் பார்த்தது அம்மா" என்கிறேன் நான்.