வீட்டில் கட்டும் குடில்

1223ஆம் ஆண்டு, இத்தாலியின் கிரெச்சோ ஊரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் சுரூபம் ஒன்றுகூட இல்லை. வைக்கோல், தீவனத்தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். எல்லாம் உள்ளூரிலேயே கிடைத்தவை.

இன்றோ குடிலுக்கும் ஸ்டாருக்கும் சீரியல் பல்புக்கும் கடன் வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அந்த வட்டி தவக்காலத்திலும் ஓடுகிறது.

இவ்வாண்டு நம் கைகளை நம்புவோம். பழைய சாக்கைக் களிமண் கரைசலில் நனைத்து, குச்சிகள்மேல் போர்த்திக் காயவிட்டால் குகை தயார். டிசம்பர் 14 வாக்கில் ஒரு தட்டில் மண் பரப்பி, இரவு முழுதும் ஊறிய கேழ்வரகைத் தூவி, தினமும் தண்ணீர் தெளித்து வந்தால், 24ஆம் தேதிக்குள் பசும்புல் நிற்கும். வெயில் படவேண்டும், இருட்டில் வைத்தால் வெளுத்துவிடும். (பிளாஸ்டிக் புல்லுக்கு இந்த ஈரமண் வாசம் ஏது!) ஸ்டாருக்கு மூங்கில் சிம்பும் கலர்த்தாளும் போதும். உள்ளே மெழுகுவர்த்தி மட்டும் வேண்டாம்.

பரிசா? பிள்ளைகளை இன்னொரு தட்டிலும் விதைக்கச் சொல்வோம். துக்கம் நேர்ந்த வீட்டில் இவ்வாண்டு குடில் கட்டமாட்டார்கள். மாதா படத்தின் முன் வைக்க அந்தத் தட்டைக் கொடுத்து, சற்றுநேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருவோம்.